இருங்காட்டுக்கோட்டைக்கு எந்த டயர்?

“சார், கார் ஓட்டுறீங்களா, செக்கு ஓட்டுறீங்களா?”

என் காரின் முன்பக்க இடது டயரைத் தடவிப் பார்த்துவிட்டு டயர் கடை அண்ணன் கேட்ட கேள்வி இது. வெளி ஓரத்தில் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டை) என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. உள் ஓரத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. வலது முன் டயர் சுமார். பின் டயர்கள் இரண்டும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தன. “ஒரே பக்கமா சுத்திச் சுத்தித் தேஞ்ச மாதிரி இருக்கே” என்றார்.

சரியாகத்தான் கண்டுபிடித்தார். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டிகள் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடுகின்றன. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் காரின் பாரம் இடது பக்கம் சாய்கிறது. முன்சக்கர இழுவைக் காரில் திருப்புவதும், இழுப்பதும், பிரேக் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் டயர்கள் இரண்டும்தான். ஆக, அந்த இடது முன் டயர் வீட்டின் மூத்த பிள்ளை மாதிரி. எல்லாச் சுமையும் அதன் தலையில்.

கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். அது பிறந்த தொழிற்சாலையே அந்த டிராக்குக்குப் பக்கத்தில், அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. டயர் அளவு 195/55 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். வாரத்தில் ஐந்து நாள் ஓஎம்ஆர் நெரிசலில் ஆபீஸ், வருடத்துக்கு மூன்று நான்கு முறை டிராக் டே, அதாவது பணம் கட்டி நம் காரையே ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள். டிராக்குக்கும் அதே காரில், அதே டயரில் போய்விட்டு அதிலேயே திரும்பி வர வேண்டும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் தேர்வில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

டயருக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது. ஜேகே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது, அப்பல்லோ ஒரகடத்தில், மிஷெலின் தேர்வாய் கண்டிகையில். 2022-இல் எஃப்ரென் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனது எம்ஆர்எஃப் அணியில், எம்ஆர்எஃப் டயரில். ஆனால் கவுன்ட்டரில் போய், “16 இன்ச் ஹேட்ச்பேக்குக்கு டிராக்கில் ஓட்டற மாதிரி ஒரு டயர் குடுங்கண்ணே” என்று கேட்டால், அவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைலேஜ் நன்றாகத் தரும் டயரை உருட்டிக்கொண்டு வருவார். கடலோரத்தில் வீடு, குடிக்கத் தண்ணீர் லாரியில் என்பது போலத்தான் நம் நிலைமை.

வெளிநாட்டு டயர்களுக்கும் ஒரு கதை உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கார் டயரை இங்கே விற்கக் கூடாது என்பது பல வருடங்களாக இருக்கும் விதி. அதற்கு மேல் 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அனுமதி வாங்கிய நிறுவனங்கள் எதைக் கொண்டுவருகின்றனவோ அதுதான் கடையில் இருக்கும். யூடியூபில் அமெரிக்கர்களும் ஜப்பான்காரர்களும் புகழ்ந்து தள்ளும் டயர்களில் பாதியை இங்கே நம் அளவில் பார்க்கவே முடியாது. யாரோ ஒருவர் “என்கிட்ட நாலு இருக்கு” என்றால் முதலில் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) டிஓடி என்ற எழுத்துகளோடு இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம். சென்னைக் குடோனில் ஆறு கோடை தாண்டிய ரப்பர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி நிற்கும்.

இதற்குள்ளே எனக்கு நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி, கம்பெனியிலிருந்து வந்த அதே டயரைத் திரும்பப் போடுவது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண டயருக்கு ஒரு பெரிய குணம் உண்டு: அது கத்தும். பிடி விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே கீச்சிட ஆரம்பித்து, மெதுவாக வழுக்கி, நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். முதல் இரண்டு மூன்று டிராக் டேக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குறை என்னவென்றால், அது எரிபொருள் மிச்சத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் செய்யப்பட்டது. மூன்றாவது லேப்பிலேயே ரப்பர் சூடேறி எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். சைடுவால் மெத்தை மாதிரி மடங்கும். மடங்கும்போது டயர் தன் தோளில் ஓடுகிறது. என் இடது டயரின் வெளி ஓரம் போனது இப்படித்தான்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம். காய்ந்த டிராக்கில் புது டயரைவிடப் பாதி தேய்ந்த டயர் நன்றாக ஓடும். புது டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம். அவ்வளவு உயரமான ரப்பர் கட்டை வளைவில் இப்படியும் அப்படியும் நெளிகிறது, நெளிய நெளியச் சூடாகிறது, கடைசியில் ஓரத்திலிருந்து துண்டு துண்டாகப் பிய்கிறது. நான்கு மில்லிமீட்டரில் அதே டயர் அடக்கமாக இருக்கும். புது டயரை நேராக டிராக்குக்குக் கொண்டுபோவது, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது மாதிரி. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் “டயர் மாத்தணும், டிராக் டேக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: மழை இல்லை, பட்டன் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, டயருக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால், பின்னாடி.

இரண்டாவது வழி, ரோட்டுக்கென்றே செய்த பெர்ஃபாமன்ஸ் டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா போன்றவை. சைடுவால் இறுக்கம், ரப்பர் மென்மை, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடனே முகம் திரும்பும். முக்கியமாக, மழையில் இவைதான் ராஜா. பைலட் ஸ்போர்ட் 4-இன் டிரெட்வேர் எண், அதாவது டயர் எவ்வளவு உழைக்கும் என்று சொல்லும் எண், 320. வேலைக்கும் போகலாம், டிராக்குக்கும் போகலாம், மூன்று தீபாவளி பார்க்கும். டிராக்கில் நான்கைந்து லேப் நல்ல பிடி கொடுக்கும், அதற்கப்புறம் “போதும், கொஞ்சம் ஓய்வு கொடு” என்று கெஞ்சும். ஒரு லேப் ஆற விட்டால் திரும்பி வரும்.

மூன்றாவது, 200 டிரெட்வேர் வகை. பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, நியோவா ஏடி09. ரோட்டில் ஓட்டச் சட்டப்படி இடமுண்டு, மனசெல்லாம் டிராக்கில்.

நான்காவது, செமி ஸ்லிக், அதாவது கோடுகள் குறைந்த, கிட்டத்தட்ட பந்தய டயர். நான்காங் ஏஆர்-1 80 என்று எண் போட்டு வருகிறது, டோயோ ஆர்888ஆர் 100.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்ஆப்பில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி இதை வைத்துத்தான். டிரெட்வேர் அமெரிக்க அரசு வைத்த அளவுகோல். டெக்சாஸில் 400 மைல் சுற்றுப்பாதை ஒன்றில் டயரை மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். மாதிரி டயருக்கு 100 என்றால், இரண்டு மடங்கு உழைப்பது 200. கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் சோதனையை நடத்தி எண்ணைப் போட்டுக்கொள்வது டயர் கம்பெனியேதான். தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்துகிற அப்பா மாதிரி. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் பல அமெச்சூர் பந்தயங்கள் “200-க்குக் குறையக் கூடாது” என்று விதி வைத்தன. உடனே ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடைய அதிகபட்சப் பிடியுள்ள டயரில் 200 என்று அச்சடித்தது. ஏ052-உம் 200 தான், அதைவிட ரொம்ப நாள் உழைக்கிற வேறு டயரும் 200 தான். ஆகவே அந்த எண் பிடியையும் சொல்லாது, இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே ஆயுளையும் சரியாகச் சொல்லாது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் ஓரளவு உதவும்.

சரி, பிடி அதிகம் என்றால் நல்லதுதானே, அதை ஏன் நான் எடுக்கவில்லை?

முதல் காரணம் வெயில். குளிர்நாட்டில் செமி ஸ்லிக் போடுகிறவர்களுக்கு அதைச் சூடேற்றுவது ஒரு பாடு. நமக்கு அந்தக் கவலை இல்லை. மே மாத மத்தியானத்தில் டிராக்கின் தார் 60 டிகிரியை எட்டும், வெறுங்காலை வைக்க முடியாது. நம் பாடு எதிர்ப்பக்கம்: சூடு ஏறிக்கொண்டே போகும், இறங்காது. மென்மையான ரப்பர் இந்தச் சூட்டில் அழிரப்பர் மாதிரி கரையும். காலை ஏழரை மணி செஷனில் கிடைக்கும் அதிசயமான பிடிக்காக, பதினொரு மணி செஷனில் டயரையே காணிக்கை கொடுக்க வேண்டும்.

அதோடு ஒரு வேடிக்கை. முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் கொதிக்கும்போது பின் டயர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். சாதாரண டயரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. செமி ஸ்லிக்கில் முன்பக்கம் கோந்து போட்டு ஒட்டின மாதிரியும் பின்பக்கம் சோப்பு மாதிரியும் இருக்கும். முதல் லேப்பிலேயே சி1 என்று எல்லோரும் சொல்லும் அந்த வேகமான வலது வளைவில், பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் கார் பின்பக்கமாகத் திரும்பி நம்மையே பார்க்கும். இந்த டயர்கள் கத்தவும் கத்தாது. மௌனமாக இருந்துவிட்டு மொத்தமாகக் கைவிடும்.

இரண்டாவது காரணம் வீடு திரும்பும் வழி. செமி ஸ்லிக்கில் தண்ணீர் வெளியேற நான்கு கோடுதான் இருக்கும். காய்ந்த டிராக்கில் அதுதான் அதன் அழகு. ஆனால் நம் ஊருக்கு மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது, வெயில் தணிந்து டிராக்கில் ஓட்ட ஆசை வருவதும் அதே மாதங்களில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருங்காட்டுக்கோட்டையில் வானம் கறுத்து, பூந்தமல்லி வருவதற்குள் முழங்கால் தண்ணீர். பக்கத்தில் கன்டெய்னர் லாரி. கார் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்தால் காலையில் எடுத்த லேப் டைம் எதற்கும் உதவாது. நான் ஒருமுறை நண்பன் ஒருவனின் காரில், தேய்ந்த செமி ஸ்லிக்கில், அந்த ரோட்டில் மழையில் திரும்பி வந்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். அவன் மனைவி போன் செய்தபோது, “டிராஃபிக்மா” என்றான்.

இதற்கு மாற்று, இரண்டாவது வீல் செட். டிராக் டயரைத் தனி ரிம்மில் ஏற்றி, பின் சீட்டை மடித்து நான்கையும் காரிலேயே அடுக்கிக்கொண்டு போய், பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில்) மாற்றிக்கொள்வது. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஜாக்கி, டார்க் ரெஞ்ச், நான்கு ரிம் செலவு, வீட்டில் டயர் வைக்க இடம். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டின் பால்கனியில் நான்கு டயர் அடுக்கினால் துணி காயப்போடும் இடம் போய்விடும். அந்த வழக்கில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வராது.

மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயர் பிடி கூடினால் அந்தச் சுமை வேறு எங்கேயோ போய் விழும். முதலில் பிரேக்கில். பிடி இருக்கிற தைரியத்தில் தாமதமாக பிரேக் போடுவோம், பேட் புகையும், பழைய பிரேக் ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்புறம் வீல் பேரிங், லோயர் ஆர்ம் புஷ். டயருக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து முதலில் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் 200 டிரெட்வேர் வாங்குவது, கதவே இல்லாத வீட்டுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்குவது போல.

புதுப்பேட்டைப் பழைய வண்டிச் சாமான் கடைகளில் அரைப்பழசு டயர் வாங்கலாமா என்றும், பந்தயத்தில் ஓடி எறிந்த, கோடே இல்லாத ஸ்லிக்கை வாங்கலாமா என்றும் சிலர் கேட்டார்கள். முதலாவது வேண்டவே வேண்டாம். உள்ளே ஒட்டுப்போட்டதா, எந்தக் காரிலிருந்து எதனால் கழற்றினார்கள் என்பதெல்லாம் தெரியாத டயரில் 150-இல் போவது தற்கொலை முயற்சி. இரண்டாவதை ரோட்டில் ஓட்ட முடியாது, அதோடு கதை முடிந்தது.

ஆக, எனக்கு இரண்டாவது வழிதான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: 195/55 ஆர்16-இல் இந்த வகை டயர் தேர்வு குறைவு. 205/55 ஆர்16 உலகம் முழுக்க ஓடுகிற அளவு, கடைக்கு நான்கு ரகம் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர், புதியது 632. வித்தியாசம் 1.8 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அதிகமாகப் போவோம், கியர் மயிரிழை நீளமாகும், கார் ஐந்தரை மில்லிமீட்டர் உயரும். வேளச்சேரி ஸ்பீட் பிரேக்கர்களைத் தினமும் தாண்டுகிறவனுக்கு அந்த ஐந்தரை மில்லிமீட்டர் போனஸ். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. ஆனாலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, எங்கேயும் உரசவில்லை என்று பார்த்தபிறகுதான் பணம் கொடுத்தேன். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) பழைய டயருக்குக் குறையக் கூடாது, வேகக் குறி ‘வி’-க்கு, அதாவது 240-க்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டையும் கடைக்காரர் நினைவுபடுத்த மாட்டார்.

இன்னொன்றையும் பார்த்து வாங்கினேன். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். இடதில் போட்டதை வலதுக்கு மாற்ற வேண்டுமானால் ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். அம்புக்குறி இல்லாமல் வெளிப்பக்கம் எது என்று மட்டும் எழுதியிருக்கும் டயர் என்றால், வீலோடு கழற்றி இடது வலது மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரே திசையில் செக்கு சுற்றுகிற நமக்கு இது பெரிய சேமிப்பு. ஒவ்வொரு டிராக் டே முடிந்ததும் இடது முன் டயரை வலது பின்னுக்கு அனுப்பிவிட்டால் நான்கும் ஏறக்குறைய சேர்ந்தே முதுமை அடையும்.

விலை? 2025 செப்டம்பர் 22-இலிருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது கொஞ்சம் ஆறுதல். அதற்குப் பிறகும் நான் விசாரித்த இடங்களில் பெர்ஃபாமன்ஸ் டயர் சாதாரண டயரைப் போல ஒன்றரை மடங்கு. 200 டிரெட்வேர் கிடைத்தால் இரண்டு மடங்குக்கு மேல், ஆயுள் அதில் பாதிகூட இராது. அந்த வித்தியாசத்தில் இன்னும் இரண்டு டிராக் டேக்குப் பணம் கட்டலாம். என்னை மாதிரி லேப்புக்கு லேப் மூன்று விநாடி முன்னே பின்னே போகிறவனுக்கு ஓட்டிப் பழகுவதில் கிடைக்கும் விநாடிகள் டயரில் கிடைப்பதைவிட அதிகம். பத்து லேப்பும் அரை விநாடிக்குள் வர ஆரம்பித்தவர்கள் மேலே சொன்ன மூன்றாவது வழிக்குத் தாராளமாகப் போகட்டும், வீல் செட் இரண்டு இருந்தால்.

போட்டாயிற்று. அண்ணன் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டே, “நைட்ரஜன் அடிச்சிரட்டுமா சார்? டிராக்குக்கு அதான் நல்லது” என்றார். வேண்டாம் என்றேன். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்சத்துக்குக் காசு கொடுக்க மனமில்லை. டிராக்கில் கவனிக்க வேண்டியது பிரஷர் ஏறுவதை. 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்த டயர் உள்ளே 80 டிகிரி ஆனால் 41-ஐத் தொடும், எந்தக் காற்றாக இருந்தாலும். அப்போது டயர் நடுவில் உப்பி, தரையில் பதியும் பரப்பு குறையும். நான் சூட்டில் முன்பக்கம் 37 இருக்கும்படி, ஒவ்வொரு செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் கேஜ் வைத்துக் காற்றை இறக்குகிறேன். கூடவே சைடுவாலுக்கும் பட்டனுக்கும் சேருமிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு சைடுவால் பக்கம் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, பட்டன் மேலேயே மிச்சமிருந்தால் அதிகம். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் டயர் முழுக்க ஆறினதும் திரும்ப 33-க்கு ஏற்றிக்கொள்ள மறக்கக் கூடாது. மறந்து வீட்டுக்கு வந்தால் ஏறக்குறைய 30-இல் ஓட்டிக்கொண்டு வந்திருப்போம். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரஸர் போதும்.

பழைய நான்கில் பின்னால் இருந்த இரண்டு மாப்பிள்ளைகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. “வச்சுக்கோங்கண்ணே, பட்டன் நல்லா இருக்கு, யாருக்காவது ஸ்டெப்னிக்கு ஆகும்” என்றேன். இடது முன் டயரை மட்டும் கடை வாசலில் தனியாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். அலைன்மென்ட் வேண்டாம் என்று சொல்கிற கஸ்டமருக்குக் காட்டுவாராம்.